சிலிண்டரோடு ஒரு சுற்று

டிசம்பர் 3, 2024

இன்று மருத்துவமனை வராந்தாவில் அம்மாவை ஆறு நிமிடம் நடக்க வைத்தார்கள். முப்பது மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு. போய்ப் போய்த் திரும்ப வேண்டும். மூச்சு முட்டினால் நிற்கலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நின்றாள். மொத்தம் 198 மீட்டர். இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டி அளக்கும் ஆக்சிமீட்டர், உட்கார்ந்திருந்தபோது 93 காட்டியது. நான்காவது நிமிடத்தில் 84-க்கு இறங்கியது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஒரு விடுதிச் சமையற்கட்டில் இருபத்தாறு ஆண்டுகள் விறகடுப்பு ஊதினாள். வீட்டுக்கு வந்தால் அங்கும் விறகடுப்புதான். தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் அடுப்புப் புகையை அளந்து ஆராய்ந்தவர் போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கூரையின் கரி நினைவுக்கு வரும்.

மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். அதில் ஆக்சிஜன் அழுத்தம் 64 மி.மீ. பாதரசம்; விரலில் காட்டும் சதவீதம் வேறு, இது வேறு. சும்மா இருக்கும்போதே இது 55-க்குக் கீழே போனவர்கள் நாளில் பதினைந்து மணி நேரமாவது ஆக்சிஜன் வைத்துக்கொண்டால் ஆயுள் கூடும். 1980-இல் அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகள் சொன்னது இதைத்தான். அம்மா அந்தக் கணக்கில் வரமாட்டாள். நடந்தால் மட்டுமே அவளுக்குக் குறைகிறது.

டிசம்பர் 6

மறுபடியும் அதே வராந்தா. முதல் நடை பழகுவதற்கு. எதுவும் இல்லாமல் நடந்த இரண்டாம் நடையில் 201 மீட்டர். நன்றாக ஓய்வெடுத்தபின் மூக்குக்குழாய் மாட்டி, நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைத்து நடந்தாள். 226. ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே இறங்கவில்லை.

எனக்குக் கை தட்டத் தோன்றியது. பிசியோதெரபிஸ்ட் பெண் நிதானமாகச் சொன்னாள்: "முப்பது மீட்டராவது கூடினால்தான் கணக்கில் எடுப்போம், அக்கா. இது இருபத்தைந்துதான். ஆனால் இன்னொன்றைப் பாருங்கள்." மூச்சுத்திணறலுக்கு 0 முதல் 10 வரை அம்மாவே போட்ட மதிப்பெண் 7-இலிருந்து 4-க்கு வந்திருந்தது.

ஏன் என்று கேட்டேன். இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கடினமாம். பஸ்ஸில் இறங்குவோர் இறங்கும் முன்பே ஏறுவோர் முண்டுவதுபோல, பழைய காற்று தீருமுன் அடுத்த மூச்சு நுழைகிறது. வேகமாக நடந்தால் நுரையீரல் ஊதிக்கொண்டே போய் மார்பு இறுகிவிடும். ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சின் வேகம் சற்றுத் தணிகிறது. இறங்குவோருக்கு நேரம் கிடைக்கிறது.

டிசம்பர் 8

சிலிண்டர் ஆட்டோவிலிருந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. எதிர்வீட்டு அத்தை என்னைத் தனியே அழைத்து, "டாக்டர் எத்தனை நாள் சொல்லியிருக்கிறார்?" என்று கண் கலங்கக் கேட்டார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. 2021 மே மாதம், கொரோனாக் காலத்தில், இந்தத் தெருவில் இரண்டு வீடுகளுக்குச் சிலிண்டர் வந்தது. இரண்டு வீட்டிலும் படுத்திருந்தவர்கள் எழவில்லை. நம் ஊரில் ஆக்சிஜன் என்றால் படுக்கையும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது. அதை மாட்டிக்கொண்டு ஒருவர் நடக்கலாம், நடப்பதற்காகவே மாட்டலாம் என்று எங்களுக்கும் யாரும் சொன்னதில்லை. இத்தனைக்கும் 1956-இலேயே வேல்ஸில் கோட்ஸ், கில்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் எடுத்துச் செல்லும் கருவியில் ஆக்சிஜன் கொடுத்து, நுரையீரல் கெட்டவர்களை நடக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அத்தை கேட்டதை அம்மா காதில் வாங்கிவிட்டாள். இரவு வரை குழாயைத் தொடவில்லை.

டிசம்பர் 11

கணக்குக் கற்றுக்கொண்டேன். எங்கள் சிறிய சிலிண்டரின் கொள்ளளவு 1.7 லிட்டர். அழுத்தம் காட்டும் முள் 150 பாரில் நின்றால் 1.7 × 150, அதாவது 255 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அம்மா இதை என்னைவிட வேகமாக மனக்கணக்காகப் போடுகிறாள்; நூற்றைம்பது பேருக்கு அரிசி அளந்தவள்.

முன்பு ஒரு கடையில் தோளில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைக் காட்டி, "எண் 2 என்றால் 2 லிட்டர்" என்றார்கள். விலை ஒரு லட்சத்துக்கு மேல். எண்ணும் லிட்டரும் ஒன்று என்பது உண்மையில்லை. அந்த வகைக் கருவி மூச்சு இழுக்கும்போது மட்டும் ஒரு சிறு வீச்சாகத் தருகிறது. அதன் எண்ணை லிட்டராகக் கொள்ளக் கூடாது. வாங்குகிறவர்கள் அதை மாட்டி நடந்து, விரலில் அளந்து பார்த்தபிறகே பணம் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 20

வாரம் மூன்று நாள் பயிற்சி. நடை, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணி விட வேண்டும். மூச்சு நோய்க்குத் தொடைக்கு எதற்குப் பயிற்சி என்று அம்மா கேட்டாள். திணறுமே என்று பயந்து பயந்து நடையைக் குறைத்ததில் தொடைத்தசை கரைந்துவிட்டது. கரைந்த தசை சீக்கிரம் களைக்கும், களைத்தால் மூச்சு இன்னும் வாங்கும்.

பக்கத்து டிரெட்மில்லில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். அவருக்கு வேறு நோய்: நுரையீரல் தழும்பேறி நார்போல் இறுகிவிட்டது. உட்கார்ந்தால் 95; நடக்கத் தொடங்கி இரண்டே நிமிடத்தில் 76. ஆனால் அவர் முகத்தில் எந்தத் திணறலும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அடிவயிறு கலங்கியது. அவருக்கு 2 லிட்டர் எட்டவில்லை, 5 வைத்தார்கள். "தம்பி, விரலைப் பார்த்து நட. நெஞ்சு சொல்வதை நம்பாதே" என்றாள் அம்மா.

விரலையும் முழுக்க நம்ப முடியாது. நகப்பூச்சு, குளிர்ந்த கை இரண்டும் அளவைக் குழப்பும். கறுத்த தோலில் ஆக்சிமீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் எழுதினார்கள். நம் நிறத்துக்கு இது அவசியமான செய்தி. 88, 89 என்று விளிம்பில் நிற்கும் எண்ணை இனி நான் நல்ல எண்ணாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

டிசம்பர் 29

தூக்கம் வராமல் ஆய்வுகளைப் படித்தேன். 2016-இல் அமெரிக்காவில் அம்மாவைப் போன்ற 738 பேர். ஓய்வில் ஆக்சிஜன் ஓரளவு குறைவு அல்லது நடந்தால் மட்டும் குறைவு. ஆக்சிஜன் தந்தும் ஆயுள் கூடவில்லை, மருத்துவமனை வாசமும் தள்ளிப்போகவில்லை. 2019-இல் ஆஸ்திரேலியாவில் 111 பேருக்கு எட்டு வாரப் பயிற்சி. ஒரு பாதிக்கு ஆக்சிஜன், மறுபாதிக்கு அதேபோன்ற குழாயில் வெறும் காற்று. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இரு தரப்பும் முன்னேறின, ஏறக்குறைய ஒரே அளவில். தழும்பேறிய நுரையீரல்காரர்கள் 84 பேரிடம் பிரிட்டனில் 2018-இல் நடந்த ஆய்வில் மட்டும், நடமாடும்போது ஆக்சிஜன் வைத்துக்கொண்டவர்களின் அன்றாட வாழ்க்கை தேறியிருந்தது.

மனம் கனத்துவிட்டது. காலையில் பிசியோதெரபிஸ்டிடம் நேராகவே கேட்டேன், அப்படியானால் இந்தச் சிலிண்டர் எதற்கு என்று. "இது இல்லாமல் உங்கள் அம்மா நிற்காமல் எட்டு நிமிடம் நடக்கிறார். இருந்தால் பதினான்கு. நடக்கும் தைரியம் வந்து, இல்லாமலேயே பதினான்கு ஆனால் கழற்றிவிடலாம்." அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஜனவரி 4, 2025

பயிற்சிக்காக, அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் ஒன்றையும் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நீண்ட குழாயோடு கூடத்தில் நடந்துகொண்டிருந்த அம்மா, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் குத்துவிளக்கின் முன்னால் தீக்குச்சியோடு நின்றாள். மூக்கில் ஆக்சிஜன்! கத்திவிட்டேன். வாயு தானாக எரியாது. ஆனால் நெருப்புப் பட்டால் சேலையையும் முடியையும் பஞ்சுபோல் எரிய வைத்துவிடும். விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி எதற்கும் மூன்று மீட்டருக்குள் கூடாது. மூக்கு வறண்டதற்குத் தடவியிருந்த பெட்ரோலியம் ஜெல்லியையும் துடைத்தெடுத்தேன்.

அம்மா அழுதாள். அறுபது வருடமாக ஏற்றிய விளக்கு. இனிக் குழாயைக் கழற்றிவைத்து, கருவியை நிறுத்தி, சற்று நேரம் கழித்துத்தான் ஏற்றுவது என்று முடிவு செய்தோம்.

ஜனவரி 14

பொங்கல். நாங்கள் மருத்துவமனையில்.

நேற்று போகி. விடியுமுன் தெருவில் பழைய பாயோடு டயரையும் போட்டு எரித்தார்கள். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தும் புகை நுழைந்தது. பகலெல்லாம் அம்மாவுக்கு இழுப்பு. இரவில் யாரையும் கேட்காமல் 2-ஐ 4-ஆக்கிவிட்டேன். எண் 98 வந்ததைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிப்போனேன். காலையில் அம்மாவுக்குத் தலை வெடிக்கும் வலி, கூப்பிட்டால் மயக்கமாய்ப் பதில். இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 56. 45-ஐத் தாண்டக் கூடாது. இந்த நோயாளிகளில் சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் கரியமில வாயு தேங்கிவிடும். அம்மாவுக்கு 88-இலிருந்து 92 வரை போதும் என்று அன்றே தாளில் எழுதித் தந்திருந்தார்கள். அந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில்தான் இருந்தது.

மாலையில் கண் தெளிந்து, "பொங்கல் பொங்கிற்றா?" என்றாள்.

பிப்ரவரி 11

பயிற்சி முடிந்து மறு பரிசோதனை. போகியால் ஒரு வாரம் விட்டுப்போனதையும் சேர்த்து நடந்து முடித்தாயிற்று. ஆக்சிஜனோடு 262 மீட்டர். ஆக்சிஜன் இல்லாமல் 239.

பழைய எண்களை அருகில் வைத்தேன். 201 எங்கே, 239 எங்கே. அன்று சிலிண்டர் கூட்டித் தந்தது இருபத்தைந்து மீட்டர். இந்த வாரங்களில் அம்மாவின் கால்கள் கூட்டித் தந்தது முப்பத்தெட்டு.

பிப்ரவரி 16

தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்ற வேண்டும் என்பது டிசம்பரிலேயே அம்மா சொன்ன ஆசை. முற்றம் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 240 மீட்டர், அகலம் அதில் பாதி. கல் சுடுமுன் காலையிலேயே போனோம். தள்ளுவண்டிச் சிலிண்டரைக் கல்தளத்தில் இழுக்கும் சத்தத்துக்கு நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா உதட்டைக் குவித்து நான்கு எண்ணுவதில் கவனமாக இருந்தாள்.

நந்தியிலிருந்து தெற்குப் பக்கம். வாராகி சந்நிதி அருகே ஒரு முறை உட்கார்ந்தாள், விமானத்தின் பின்புறம் ஒரு முறை. வடமேற்கில் முருகன் சந்நிதிக்கு வந்ததும் தானே ரெகுலேட்டரை மூடி, குழாயைக் கழற்றி என் கையில் தந்தாள். சேலையில் தங்கிய வாயு கலையட்டும் என்று காத்திருந்தோம். நான் சிலிண்டரோடு வெளியிலேயே நின்றேன். அம்மா மட்டும் ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றிப் படியேறினாள். தீபாராதனைத் தட்டில் கையொற்றி, நெற்றியில் நீறோடு இறங்கி வந்தாள். விரலில் 87. கல்லில் அமர்ந்து குழாயை மாட்டிக்கொண்டாள். 90 வந்தது.

"முள் எங்கே நிற்கிறது?"

"எழுபதில்."

உதடு அசைந்தது. "ஒரு மணி நேரத்துக்கு வரும். வந்த வழியே எதற்குத் திரும்ப வேண்டும்? வடக்குப் பக்கமாகவே போகலாம், வா."