கதவு நனையாமல் கெய்சர் கழுவியது

எங்கள் குளியலறைக் கதவின் அடிப்பக்கம் இன்றும் பொரித்த அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கெய்சர் சர்வீஸுக்கு வந்தவர் விட்டுப்போன அடையாளம் அது. கெய்சர் கதவுக்கு நேர் மேலே, சுவரில் மாட்டியிருக்கிறது. அவர் ஏணியில் ஏறி அடித்தட்டின் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசி நட்டு கழன்றதும் பழுப்புத் தண்ணீர் மொத்தமாக இறங்கி, நிலைக்கதவில் வழிந்து படுக்கையறைக்குள் வந்துவிட்டது. அம்மாவின் மெத்தை ஓரம் நனைந்தது. தண்ணீரோடு வந்த சுண்ணாம்புக் கற்கள் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குள் போய் அடைத்துக்கொண்டன. மறுநாள் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அதனால் இந்தக் குளிர்காலம் கெய்சர் மறுபடி சத்தம் போட ஆரம்பித்ததும், யாரையும் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். உத்தரவாதக் காலம் முடிந்துபோன 25 லிட்டர் கெய்சர். காலம் முடியாதிருந்தால் தொட்டிருக்க மாட்டேன். நாமே திறந்தால் பல கம்பெனிகள் உத்தரவாதத்தை ஒத்துக்கொள்வதில்லை.

நாங்கள் இருப்பது பெங்களூரில் ஹொரமாவு பக்கம். பல வருஷமாக போர் தண்ணிதான். 2024 பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரு முழுக்கத் தண்ணீருக்குத் தவித்தபோது எங்கள் போரும் வற்றி, எங்கிருந்து வந்ததென்றே தெரியாத டேங்கர் தண்ணீரில் ஒரு கோடையை ஓட்டினோம். அந்த அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மாநகராட்சியோடு 2007-ல் சேர்ந்த 110 கிராமங்களுக்காகப் போட்ட திட்டம். ஆனால் எங்கள் கட்டடத்தில் இன்னமும் பாதி நாள் போர் தண்ணிதான் மேலே ஏறுகிறது. சோதனைப் பெட்டி வாங்கிச் சொட்டு எண்ணிப் பார்த்தேன்: லிட்டருக்கு 520 மில்லிகிராம் கடினத்தன்மை. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் ஏற்றுக்கொள்ளும் அளவு 200. வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம். உப்புத் தண்ணீர் என்று நாம் சொன்னாலும் கெய்சரைக் கெடுப்பது சாப்பாட்டு உப்பு இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் பிரிந்து சுண்ணாம்பாகப் படிகிறது. அதுவும் எங்கே சூடு அதிகமோ அங்கேயே, அதாவது ஹீட்டிங் காயில் மேலேயே.

சத்தத்துக்குக் காரணமும் அதுதான். சுண்ணாம்புப் பொருக்குக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் அங்கேயே கொதித்துக் குமிழ் விட்டு உடைகிறது. வெளியே நமக்குச் சோளம் பொரிகிற மாதிரி கேட்கிறது. இன்னொரு அறிகுறியை நான் ரொம்ப நாள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். கெய்சரின் விளக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் அணைந்தது. தண்ணீரோ இரண்டாவது வாளிக்கே ஆறிப்போனது. 2000 வாட் காயில் 25 லிட்டரை 22 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகக் கணக்குப்படி 33 நிமிஷம் ஆகும். எங்கள் வீட்டில் 20 நிமிஷத்திலேயே விளக்கு அணைந்தது. நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். சூட்டைப் பார்த்துக் கரண்டை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது இருக்கும் குழலையும் காயிலையும் சேர்த்துச் சுண்ணாம்பு மூடிக்கொண்டால், காயிலின் சூடு நேராகத் தெர்மோஸ்டாட்டுக்குத்தான் போகும். தொட்டித் தண்ணீர் சூடாகும் முன்பே அது கரண்டை நிறுத்திவிடும்.

தண்ணீர் சிந்தாமல் எப்படி இறக்குவது என்று நான் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திருநெல்வேலியில் அப்பா வைத்திருந்த மளிகைக் கடையில் 15 கிலோ எண்ணெய் டின்களோடு பழகியவள்.

"டின்னுக்கு ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் மடக்கு மடக்குன்னு மேலெல்லாம் தெறிக்கும்ட்டீ. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாத்தான் நூல் பிடிச்ச மாதிரி இறங்கும். அந்த ஓட்டைய வெரலால அடைச்சா நின்னுரும். உன் கெய்சருக்கு ரெண்டாவது ஓட்டை எங்கடீ இருக்கு?"

அந்தக் கேள்வியிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. கெய்சருக்கு அடியில் இரண்டு குழாய்கள். நீல வளையம் போட்டதில் பச்சைத் தண்ணீர் உள்ளே போகிறது. சிவப்பு வளையம் போட்டது தொட்டிக்குள் மேல்மட்டம் வரை நீண்டு, அங்கிருந்து வெந்நீரை எடுத்து வருகிறது. நீலத்தின் வழியாகத் தண்ணீரை இறக்கினால் சிவப்பின் வழியாகக் காற்று ஏற வேண்டும். அதாவது வெந்நீர்க் குழாய்தான் அந்த இரண்டாவது ஓட்டை. அதைத் திறந்தால் தண்ணீர் இறங்கும், மூடினால் நிற்கும்.

சனிக்கிழமை இரவே கெய்சரை அணைத்துவிட்டேன். ஞாயிறு காலை எல்லோரும் மிச்ச வெந்நீரில் குளித்ததால் தொட்டியில் பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. பல வருஷமாக எங்கள் கட்டடத்து மின்வேலையைப் பார்க்கும் தருமபுரிக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். வயரிங்கைக் கடைசியில் அவன் வந்து பார்த்த பிறகுதான் கரண்ட் போடுவது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். "அக்கா, சுவிட்ச ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது. மெயின் பெட்டியில இருக்கற எம்சிபி சுவிட்சயும் இறக்கிட்டு, பிளக்கையும் புடுங்கி உங்க கண்ணு முன்னாடி தொங்க விடுங்க" என்றான். அப்படியே செய்தேன். மூடியைக் கழற்றியதும் முனைகளில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். வயர்களைக் கழற்றும் முன் இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, ஒரு நட்டையும் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. கெய்சருக்குப் போகும் தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வை, அதாவது ஆங்கிள் காக்கை, மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். உள்ளே வரத்து இல்லையென்றால் சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. நூல் கனத்துக்கு வந்துகொண்டே இருந்தது. காக் தேய்ந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் குழாயைக் கழற்றியிருந்தால் போன தடவை நடந்ததுதான் இந்தத் தடவையும். குளியலறைக்கே பொதுவாகச் சுவருக்குள் இருக்கும் வால்வை மூடினேன், அப்புறம்தான் நின்றது. காக்கைப் பிறகு மாற்றிவிட்டேன்.

சாமான்களை முந்தின நாளே எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கியிருந்தேன். அரை இஞ்ச் ஹோஸ் நிப்பிள், கிளிப், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபைவிடக் கொஞ்சம் பருமனான, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மூன்று மீட்டர். உள்ளே என்ன போகிறது என்று பார்க்கத்தான் அந்த டியூப். வீட்டிலிருந்து மூன்று வாளிகளும் அப்பாவின் பழைய வேட்டியும். இவற்றோடு, நான் இன்னொருவருக்குச் சொல்வதென்றால் முதலில் சொல்லக்கூடிய பொருள்: ஓட்டையாகிப்போன 20 லிட்டர் தண்ணீர் கேன். கழுத்திலிருந்து ஒரு சாண் உயரம் விட்டு அறுத்துக் கவிழ்த்தால் நல்ல பெரிய புனல். ஓரத்தில் மூன்று துளை போட்டு நைலான் கயிறு கட்டிக்கொண்டேன்.

வெந்நீர்க் குழாயை ஒரு தடவை திறந்து அழுத்தத்தை விட்டேன், பிறகு இறுக்கி மூடினேன். பையனைக் குழாயடியில் நிறுத்தினேன். நீலப் பக்கம் ஒரு பித்தளை வால்வு இருக்கும். தண்ணீரைத் திரும்பி இறங்க விடாது, அழுத்தம் மிஞ்சினால் வெளியே விடும். அதைக் கழற்றினால்தான் தொட்டி காலியாகும். கழற்றியபோது வாய்க்குள் காற்று கொஞ்சம் ஏறி ஒரு கை தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். விரலால் அடைத்துக்கொண்டே நிப்பிளைத் திருகினேன், டியூபை மாட்டி கிளிப்பை இறுக்கினேன்.

"இப்பத் தொற."

திறந்தான். மேலே காற்று ஏறும் சத்தம், கீழே டியூபில் தண்ணீர். முதலில் தெளிவாக, பிறகு டீ நிறத்தில், பிறகு மணல் மாதிரி துகள்களோடு. வாளி நிறைந்ததும் "மூடு" என்றேன். அவன் மூடியதும் டியூபில் தண்ணீர் அப்படியே தொங்கி நின்றது. நிதானமாக அடுத்த வாளியை வைத்தோம். பையனுக்குப் பதினோரு வயது. அதைப் பார்ப்பதற்காகவே தேவையில்லாமல் இரண்டு தடவை மூடித் திறந்தான், நானும் விட்டுவிட்டேன். 25 லிட்டரில் தெளிந்ததெல்லாம் கழிவறைக்கும் மாடிப்படி கழுவவும் போயிற்று.

டியூபில் தண்ணீர் நின்றுவிட்டால் தொட்டி காலி என்று நினைத்துவிடக் கூடாது. குழாய் வாய் தொட்டியின் அடிமட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால் அதற்குக் கீழே உள்ள தண்ணீரும் சேறும் அடித்தட்டின் மேலேயே தங்கிவிடும். போன தடவை கதவைக் கெடுத்ததில் பாதி இந்த மிச்சம்தான். கேன் புனலைக் கயிற்றால் கெய்சரின் அடியில் அணைத்துக் கட்டினேன். புனல் கழுத்திலிருந்து டியூப், டியூபின் முனை வாளியில், வாளி வாயில் இரண்டாக மடித்த வேட்டி. கற்கள் வேட்டியில் தங்கிவிடும், ஜாலி பக்கமே போகாது.

நட்டுகளை வரிசையாகக் கழற்றவில்லை. எதிரெதிராக ஒவ்வொன்றையும் அரைச் சுற்று தளர்த்தி, இரண்டை மட்டும் முனையில் பிடித்துக்கொண்டிருக்க விட்டேன். தட்டை மரக்கரண்டியால் மெல்லத் தட்டினேன். வாஷர் ஒரு பக்கம் விலகி, சேறு புனலுக்குள் இறங்க ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் ஏணியில் அசையாமல் நின்றேன். சொட்டுவது நின்ற பிறகுதான் கடைசி இரண்டு நட்டும். பையன் கயிற்றைத் தளர்த்தப் புனலைத் தாழ்த்தி, காயிலைத் தட்டோடு வெளியே எடுத்தேன்.

காயில் என்று தெரியவே இல்லை. சுண்ணாம்புக் காறை பூசிய கொம்பு மாதிரி இருந்தது. அதன் பக்கத்தில் விரல் பருமனில் இருந்திருக்க வேண்டிய மக்னீசியம் ராடு கம்பி மாதிரி மெலிந்து, ஓரிடத்தில் அறுந்தும் போயிருந்தது. எனக்குப் பொருக்கைவிட இதுதான் அதிர்ச்சி. தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்வதற்காகவே அந்த ராடு. அது தீர்ந்துபோனால், உள்பூச்சில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே தொட்டி கரைய ஆரம்பிக்கும். காயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஓட்டை விழுந்த தொட்டிக்கு மருந்தில்லை. கெய்சரைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் பார்க்க வேண்டியது அந்த ராடைத்தான். பழையதைக் கையோடு கொண்டுபோய் மரை அளவு பார்த்துப் புதியது வாங்கினேன், வாஷரும் புதியது.

தொட்டிக்குள் கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ விடவில்லை. உள்ளே கண்ணாடிப் பூச்சு. கையுறை போட்டுக்கொண்டு விரலால் வழித்தேன். புனலை மறுபடி ஏற்றிக் கட்டி, வரத்துக் குழாயை மாட்டி, பையனை வால்வை ஒரு நொடி திறந்து மூடச் சொன்னேன். தண்ணீர் பீய்ச்சிச் சுழன்று மீதியையும் அடித்துக்கொண்டு வந்தது. நான்கு தடவையில் தெளிந்துவிட்டது. வேட்டியில் தங்கியதை உலர்த்திச் சமையலறைத் தராசில் வைத்தபோது 870 கிராம்.

காயிலுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். வெதுவெதுப்பான தண்ணீர் லிட்டருக்கு 100 கிராம் கலந்து, மின்முனைகள் நனையாதபடி காயிலை மட்டும் மூழ்க வைத்தேன். சோடா மாதிரி நுரைத்தது. இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி கழன்றது, மிச்சத்துக்குப் புதுக் கலவையில் இன்னொரு மணி நேரம். கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பொருக்கோடு சேர்த்துக் காயிலின் உலோகத்தையும் தின்னும், ஆவி நெஞ்சை அடைக்கும். சுத்தியலால் தட்டுவதும் அப்படித்தான், காயிலில் விரிசல் விட்டால் அதற்குப் பிறகு தண்ணீரில் கரண்ட்.

திரும்ப மாட்டியது கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை: எதிரெதிர் நட்டுகள், கொஞ்சம் கொஞ்சமாக. மரைகளுக்கு டெஃப்லான் டேப். பித்தளை வால்வை அம்புக்குறி தொட்டியைப் பார்க்கும்படி மாட்டினேன். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துத் தண்ணீரை ஏற்றினேன். புஸ் புஸ் என்று காற்று துப்பித் துப்பி, ஒரே சீராக வரும் வரை காத்திருந்தேன். அதற்கு முன் சுவிட்சைப் போட்டால், தண்ணீரில்லாமல் சூடான காயில் அன்றைக்கே எரிந்துவிடும். அடித்தட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒட்டி அரை மணி நேரம் விட்டேன், ஈரம் இல்லை. சாயங்காலம் தம்பி வந்தான், போட்டோவைப் பார்த்து வயர்களை மாட்டினான், எர்த் சரிபார்த்தான். தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் வைக்க வேண்டாம் என்றான். சூடு ஏற ஏறப் படிவும் கூடும்.

சுவிட்சைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. 34 நிமிஷத்தில் விளக்கு அணைந்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவின் குளியலறைக் கெய்சரைத் திறந்தேன். அதில் காக் ஒழுங்காக மூடியது, ராடு பாதி மிச்சம் இருந்தது, காயிலை ஊறவைத்த நேரம் போக ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஏணிக்குக் கீழே விரித்திருந்த துணியை அம்மா எடுத்துத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் ஈரம். உதறி, கொடியில் போட்டாள்.