"உனக்கு எதுக்கும்மா வரலாறு?"

வரலாற்றுப் பாடத்தை விட்டுவிடலாமா என்று என் மாணவி ஒருத்தி கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "நீ சயின்ஸ் ஆளு, உனக்கு எதுக்கும்மா வரலாறு? அந்த நேரத்துல கணக்கு போடு" என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அரை நிமிடம் ஆகியிருக்கும்.

போன மாதம் தன் முதல் ஆய்வுக்கட்டுரையின் வரைவை அனுப்பியிருந்தாள். அளவீடுகள் அத்தனை சுத்தம். ஆனால் முடிவுகளை அலசும் பகுதியில் எது அவள் அளந்தது, எது ஊகம், முன்பு வந்த ஓர் ஆய்வோடு தன் எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் ஒரே பத்தியில் கலந்து கிடந்தது. போனில் கேட்டேன். "எனக்கு எழுத வராது சார், நான் சயின்ஸ் ஆளுதானே" என்றாள். குத்திக்காட்டவில்லை. அது யார் சொன்ன வார்த்தை என்பதே அவளுக்கு நினைவிருக்காது.

அன்று நான் சொன்னது தப்பா? மேற்படிப்புக்கு இடம் வாங்கித் தந்தது கணக்கும் இயற்பியலும்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே சம்பவத்தை இரண்டு பேர் முரணாக எழுதிவைத்திருந்தால் யாரை எந்த அளவுக்கு நம்பலாம், ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி வாதாட வைக்கும் பாடம் வரலாறு. அந்தப் பத்திக்குத் தேவைப்பட்டது அதேதான்.

ஹங்கேரிய மருத்துவர் செம்மல்வெய்ஸின் கதையை வருடாவருடம் வகுப்பில் சொல்கிறேன். கையைக் குளோரின் கரைசலில் கழுவினால் பிரசவ வார்டில் சாவு குறைகிறது என்று 1847-லேயே எண்களோடு கண்டவர், அதைப் புத்தகமாக எழுதி வெளியிட்டது 1861-ல். மற்ற மருத்துவர்களின் பிடிவாதத்தைப் பற்றித்தான் இதுவரை பேசியிருக்கிறேன், அந்த 14 வருடங்களைப் பற்றிப் பேசியதில்லை. பிடிவாதம்தான் பெரிய காரணமாகவும் இருக்கலாம், சரி.

வரலாறு எடுத்திருந்தால் மட்டும் எழுத வந்திருக்குமா? ஆண்டுகளை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வந்திருக்கலாம். அந்த வகுப்பை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அப்புறம், என் ஆய்வகத்தில் நடந்தது என்ன? செய்முறை ஏட்டில் 'முடிவு' என்ற பகுதியை நானே கரும்பலகையில் எழுதிப்போட்டேன், எல்லோரும் பார்த்து எழுதினார்கள், அவளும்தான். தான் கண்டதைத் தன் வாக்கியத்தில் சொல்ல ஒரு முறைகூட நான் அவளை விடவில்லை.

வரைவின் ஓரத்தில் குறிப்புகள் எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். அந்தப் படிவத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன், அனுப்பும் முன் அழித்துவிட்டேன்.