முட்டுக்கட்டை

கோவையில் வார்ப்பட உதிரி பாகங்கள் ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று நாள் முழுக்கக் காகிதம்தான். சரக்கைப் பற்றிக் கேட்டால் எடையும் பெட்டி எண்ணிக்கையும் டக்கென்று சொல்வேன். கையால் தொட்டுப் பார்த்தது குறைவு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பையைத் தோளில் மாட்டிய பிறகு அந்த மெயில் வந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் எங்கள் கன்டெய்னரை நிறுத்திவிட்டார்கள். கூடவே ஆறு படங்கள். முதல் நான்கில் எங்கள் மரப்பெட்டிகள், மரத்தைப் பூச்சி சாகச் சூடேற்றியதற்கான முத்திரை ஒவ்வொன்றிலும் பளிச்சென்று தெரிந்தது. ஐந்தாவதில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஆட்டம் வராமல் இறுக்கி அடித்த ஒரு கட்டை. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் மரப்பட்டை அப்படியே ஒட்டியிருந்தது. பக்கத்தில் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். முத்திரை எந்தப் பக்கமும் இல்லை. ஆறாவது படம் அதே கட்டை, இன்னும் கிட்டத்தில்.

“பூச்சி ஏதாவது இருந்ததா?” என்று கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டேன். இல்லையாம். இருக்க வேண்டியதும் இல்லையாம். முத்திரை இல்லாத மரம் என்பதே குற்றம்.

சரக்கோடு நாடு விட்டு நாடு போகும் பெட்டி மரத்தில் பூச்சி போய்விடக் கூடாது என்பதற்கான இந்த விதிக்குப் பெயர் ஐ.எஸ்.பி.எம். 15. சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 2002-ல் வந்தது. வெறும் அதிகாரிகளின் கெடுபிடி என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தெருவோர மேப்பிள் மரங்களில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். உள்ளே கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் நீள மீசையுமாக ஒரு ஆசிய வண்டு. சரக்கோடு வந்த பெட்டி மரத்துக்குள் புழுவாக இருந்து வந்திருக்கிறது. 1998-ல் சிகாகோவிலும் கண்டுபிடித்தார்கள். மரத்தை வெட்டி எரிப்பதுதான் முக்கியமான வைத்தியமாக இருந்தது. ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். பெட்டி அடிக்க யாரும் நல்ல மரத்தை எடுப்பதில்லையே. மலிவான, ஈரம் காயாத, பட்டை போகாத மரம்தான் அதற்கு வரும். புழுவுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

புழு மரத்தின் உள்ளே இருப்பதால் மேலே மருந்து அடித்துப் பிரயோஜனமில்லை. அதனால்தான் சூடு. மரத்தின் நடு மையம் வரை 56 டிகிரி, விடாமல் 30 நிமிடம். எங்களுக்குப் பெட்டி செய்து தருகிறவரின் சேம்பரை, அதாவது மரத்தைச் சூடேற்றும் அறையை, இந்தக் கூத்துக்குப் பிறகுதான் முதல் தடவையாகப் போய்ப் பார்த்தேன். அடுக்கிலேயே தடிமனான கட்டையைத் தேடி எடுத்து, நடுவரை துளை போட்டு, சென்சார் கம்பியைச் செருகி, துளையை அடைத்தார் ஆபரேட்டர். காற்று 70 டிகிரியைத் தாண்டிவிட்டது, கட்டையின் நடுவில் 41-தான் காட்டியது. “காத்துச் சூட்டுக்குக் கணக்கு இல்லீங்க, கட்டை சுடணும்” என்றார். நடுவில் 56 வந்த பிறகே அரை மணியை எண்ண ஆரம்பிப்பார்கள். பட்டையை உரிப்பதும் கட்டாயம். 3 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறைவான துண்டு ஒட்டியிருந்தால் விட்டுவிடலாம்.

அப்புறம் முத்திரை. கதிர் போன்ற சின்னம், நாட்டின் குறி, சேம்பருக்கு அரசு கொடுத்த எண், சூடேற்றியது என்பதற்கு எச்.டி. என்ற எழுத்து. கையால் எழுதினால் செல்லாது. சிவப்பும் ஆரஞ்சும் தவிர்க்கச் சொல்கிறார்கள், அபாயச் சரக்கு லேபிளோடு குழம்பிவிடும் என்பதால். இதில் காகிதக்காரனான எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. சேம்பர்காரர் தரும் சான்றிதழை ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தேன். அமெரிக்காவில் அதை யாரும் கேட்கவே இல்லை. அவர்களுக்கு மரமே சாட்சி.

திங்கட்கிழமை லோடிங் மேஸ்திரியைக் கூப்பிட்டு ஐந்தாவது படத்தைக் காட்டினேன். இருபது வருஷமாக எங்கள் ஷெட்டில் கன்டெய்னர் ஏற்றுகிறவர். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “இது நம்ம முட்டுங்க சார். பொட்டிக்குத்தானுங்களே சீல் வேணும், முட்டுக்குமா?” என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த மரத்துண்டில் ஒன்றை எடுத்து, சுத்தியலால் நாலு போடு போட்டு இறுக்கியிருக்கிறார். அதை வைக்காமல் பெட்டி சரிந்திருந்தால் அதற்கும் அவரைத்தான் கேட்டிருப்பேன். விதியில் முட்டுக்கட்டைக்கும் முத்திரை வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. முத்திரை வைத்த நீளக் கட்டையை அறுத்தால்கூட, முழு முத்திரை தெரியாத துண்டைப் பயன்படுத்தக் கூடாது. நான் அதைப் படித்திருந்தேன். ஏதோ கப்பலின் அடித்தளத்தில் போடும் மரத்தைச் சொல்கிறார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன். என் சரிபார்ப்புப் பட்டியலில் ‘பெட்டி முத்திரை’ என்று ஒரு வரி உண்டு. முட்டுக்கு வரி கிடையாது. கன்டெய்னர் மூடும்போது நான் மாடியில் ஏசியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மரத்தை மட்டும் எடுத்துவிட்டுச் சரக்கைத் தாருங்கள் என்று வாடிக்கையாளரின் ஏஜென்ட் கேட்டுப் பார்த்தார். சில நேரம் ஒப்புக்கொள்வார்களாம். எங்களுக்கு அந்த யோகம் இல்லை. போன கப்பல் கூலி, வந்த கப்பல் கூலி, அங்கே கிடந்த நாளுக்கு வாடகை, அவசரத்துக்கு விமானத்தில் அனுப்பிய கொஞ்சம் சரக்கு எல்லாம் எங்கள் தலையில். கன்டெய்னர் தூத்துக்குடிக்குத் திரும்பி வர இரண்டரை மாதம் ஆனது.

இப்போது ஷெட்டுக்குப் பின்னால் மரக்குவியல் கிடையாது. இடைவெளிக்குக் காற்றுப் பை, இறுக்க வேண்டிய இடத்தில் பிளைவுட் துண்டுகள். பிளைவுட்டைப் பசையும் சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்வதால் இந்த விதி அதைத் தொடாது. முட்டுக்குப் பட்டியலில் தனி வரி வந்துவிட்டது. கதவு மூடுமுன் நானும் இறங்கிப் போய்ப் படம் எடுக்கிறேன்.

ஆனால் என்னைவிட மேஸ்திரிதான் இப்போது கெடுபிடி. போன மாதம் டிரெய்லர் டிரைவர் கையில் ஒரு கட்டையோடு கன்டெய்னர் கதவருகே வந்தார். மேஸ்திரி வழிமறித்துக் கட்டையை வாங்கி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“சீல் எங்கப்பா?”

“அண்ணா, இது டயருக்கு வெக்கறதுங்ணா.”

மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். பரவாயில்லை, விடுங்கள் என்றேன். கட்டையைக் கொடுத்துவிட்டாரே தவிர, அது டயருக்கு அடியில் போகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.