ஜெயிப்பது புரோகிராமா, போட்டி விதியா?

புரோகிராம்களை ஒன்றோடொன்று மோதவிட நான் பைத்தான் கணினி மொழியில் எழுதிய போட்டி ஒருவழியாக ஓடுகிறது. ஆட்டம், 'கைதிகளின் சிக்கல்' என்ற பழைய புதிர்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைப்பதா ஏய்ப்பதா என்று இரண்டும் ஒரே நேரத்தில் முடிவெடுக்க வேண்டும்: இரண்டு புரோகிராமும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி, இரண்டும் ஏய்த்தால் 1, ஒன்று மட்டும் ஏய்த்தால் அதற்கு 5, ஏமாந்ததற்கு 0. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட் நடத்திய போட்டிகளின் அதே கணக்கு. அவற்றில் கணித உளவியலாளர் அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய 'டிட் ஃபார் டாட்' என்ற புரோகிராம் இரண்டு முறையும் ஜெயித்தது. முதலில் ஒத்துழைக்கும், அப்புறம் எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்யும், அவ்வளவுதான். ஆனால் விதியை லேசாக மாற்றினாலே பட்டியல் தலைகீழாகிறது, எனக்கு ருசி அங்கேதான்.

முதலில் 200 சுற்று என்று வைத்தேன். 200ஆவது சுற்றில் மட்டும் ஏய்க்கும் ஒன்றை இறக்கியதும் டிட் ஃபார் டாட் 597, அது 602. சரி, 199இலேயே ஏய்த்தால்? அப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். அதனால் இப்போது ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஆட்டம் முடிய 0.005 வாய்ப்பு. நீளங்களை முன்கூட்டியே குலுக்கி எடுத்து எல்லா ஜோடிக்கும் அதையே கொடுக்கிறேன், இல்லாவிட்டால் நீண்ட ஆட்டம் கிடைத்தவனுக்குச் சும்மா புள்ளி சேரும்.

அடுத்தது பிழை. நூற்றில் ஒரு நகர்வு தானாகவே மாறிவிடும்படி செய்தேன். இரண்டு டிட் ஃபார் டாட் மோதும்போது ஒரே ஒரு பிழை போதும், மாறி மாறி ஏய்த்துக்கொண்டு சராசரி 3இலிருந்து 2.5க்கு இறங்கிவிடுகின்றன; இன்னொரு பிழை வந்தால் சமாதானமாகலாம், அல்லது இரண்டும் ஏய்ப்பிலேயே உறைந்து போகலாம். ரொம்ப நேரம் ஓடவிட்டால் 2.25இல் நிற்கும், அதாவது கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டி ஆடுவதற்குச் சமம்! எதிராளி ஏய்த்தாலும் மூன்றில் ஒரு முறை மன்னித்து ஒத்துழைக்கும் டிட் ஃபார் டாட் வகை இங்கே நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது, எப்போதும் ஏய்ப்பவர்கள் நிறைய இல்லாதவரை.

இன்னும் தீராதது கூட்டணி. 2004இல் நடந்த இதே மாதிரிப் போட்டி ஒன்றுக்கு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக அணி ஏகப்பட்ட புரோகிராம்களை அனுப்பியது. தொடக்க நகர்வுகளையே சங்கேதமாக வைத்து ஒன்றையொன்று அடையாளம் கண்டு, பெரும்பாலானவை தங்கள் அணியின் சிலவற்றுக்குத் தோற்றுக்கொடுக்க, முதல் மூன்று இடமும் அவர்களுக்கே. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆளுக்கு ஒரு புரோகிராம் என்று விதி போடலாம், ஆனால் நண்பர்கள் சேர்ந்துகொண்டால் யார் கண்டுபிடிப்பது? அதனால் தலைமுறைச் சுற்றுகளை எழுதிக்கொண்டிருக்கிறேன்: எடுத்த புள்ளிக்கு ஏற்ப அடுத்த தலைமுறையில் ஒவ்வொன்றுக்கும் பிரதிகள். தோற்றுக்கொடுப்பவை குறையக் குறைய அவற்றைத் தின்று கொழுத்தவனுக்கும் தீனி குறைய வேண்டும். எத்தனை தலைமுறை பிடிக்கும் என்று பார்க்க வேண்டும்.