கேட்டலிஸ்ட் சுவிட்சில் ஒரு வரி போட்டதும் போன் குரல் கரகரப்பது ஏன்?

சிஸ்கோவின் நெட்வொர்க் சுவிட்சுகளான கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750இல் ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ்’ (எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் க்யூஓஎஸ் வசதியை இயக்கும் கட்டளை) என்று மட்டும் அடித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அந்த வரி விழுந்ததும் எந்த போர்ட்டில் வரும் முன்னுரிமைக் குறியீட்டையும் சுவிட்ச் நம்பாது. ஐபி போன் 46 என்று குறித்து அனுப்பும் டிஎஸ்சிபி (பாக்கெட்டின் முன்னுரிமை எண்), உள்ளே நுழையும்போதே 0 ஆகிவிடும். பேச்சும் பேக்கப் ஃபைலும் ஒரே வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கும்.

அப்லிங்கில் (ஒரு சுவிட்சை இன்னொன்றோடு இணைக்கும் தடத்தில்) இரு முனையிலும் ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ் டிரஸ்ட் டிஎஸ்சிபி’ போடுங்கள். பெரும்பாலும் மறந்துபோவது இதுதான். போன் போர்ட்டில் ‘டிரஸ்ட் காஸ்’ (காஸ் என்பது ஈதர்நெட் அளவிலான இன்னொரு முன்னுரிமை எண்) போட்டால் இன்னொரு வம்பு: காஸை டிஎஸ்சிபியாக மாற்றும் ஆரம்ப அட்டவணைப்படி காஸ் 5 என்பது 46 ஆகாது, 40 ஆகும். ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ் மேப் காஸ்-டிஎஸ்சிபி 0 8 16 24 32 46 48 56’ என்று திருத்தவும். ‘டிரஸ்ட் டிவைஸ் சிஸ்கோ-போன்’ சேர்த்தால், போனைக் கழற்றி லேப்டாப் செருகுபவரின் குறியீட்டை சுவிட்ச் மதிக்காது.

போர்ட்டில் ‘பிரையாரிட்டி-க்யூ அவுட்’ கொடுத்தால்தான் 1ஆம் வரிசைக்கு முன்னுரிமை. குரல் ஏற்கெனவே அங்கேதான் போகிறது.

அடுத்த புகார், சாதாரண டிராஃபிக்கில் டிராப், அதாவது பாக்கெட்டுகள் கைவிடப்படுவது. பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) நான்கு வரிசைக்கும் 25 சதவீதமாகப் பிரிந்துவிடுகிறது. குறியீடு இல்லாத டேட்டா மொத்தமும் 2ஆம் வரிசையில். ‘ஷோ எம்எல்எஸ் க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ்’ கட்டளையில் போர்ட் எண்ணும் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ சொல்லும் சேர்த்துப் பாருங்கள். அங்கே எண்ணிக்கை 0இல் தொடங்கும். ‘க்யூ 1’ என்று தெரிவதுதான் நீங்கள் கட்டமைக்கும் 2ஆம் வரிசை. டிராப் அங்கே ஏறினால் ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ் க்யூ-செட் அவுட்புட் 1 த்ரெஷோல்ட் 2 3100 3100 100 3200’ என்று போடுங்கள். புது ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ சுவிட்சின் மென்பொருள்) இது டிராப்பைப் பெரும்பாலும் அடக்கிவிடும்.

கேட்டலிஸ்ட் 3850 சுவிட்சில் இந்தக் கட்டளைகளே கிடையாது. அங்கே போர்ட்டுகள் உள்ளே வரும் குறியீட்டை இயல்பாகவே நம்பும்.