சில்லுமூக்கு உடைந்த சித்திரை

போன சித்திரையில் என் மகனுக்கு ஒரே வாரத்தில் நான்கு முறை சில்லுமூக்கு உடைந்தது. பதினொரு வயது. காலையில் எழுப்பப் போனால் தலையணை உறையில் காய்ந்து கறுத்த ரத்தம். "வெயில் சூடுதான், வேறொன்றுமில்லை" என்று அத்தை அவனை அண்ணாந்து பார்க்கச் சொல்லி உச்சியில் தண்ணீர் தட்டுவார். மூன்றாம் முறை ரத்தம் தொண்டைக்குள் இறங்கிக் கறுப்பாக வாந்தி எடுத்தான். எனக்குக் கைகால் ஓடவில்லை.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான் போனோம். அண்ணாந்து பார்ப்பது தவறு என்று அங்கேதான் தெரிந்தது. உட்கார்ந்து முன்னால் குனிய வேண்டும், மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் விட்டு விட்டுப் பார்க்கக் கூடாது. ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம் எல்லாம் சோதித்தார்கள். சரியாகவே இருந்தன. மூக்கின் உள்தோல் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது, அதை விரலால் நோண்டுகிறான் என்றார் மருத்துவர்.

அப்புறமும் விட்டு விட்டு வந்ததால், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போய் ஓர் ஆயுர்வேத மருத்துவரைப் பார்த்தோம். அவர் நாடி பிடிக்கும் முன்பே ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டார். ஹீமோபிலியா மாதிரி பிறவியிலேயே ரத்தத்தை உறையவைக்கும் பொருள் குறைந்த பிள்ளைக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, காய்ச்சலோடு ரத்தம் வந்தால் டெங்குவா என்று உடனே பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கண்டிப்பில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இதை ஆயுர்வேதத்தில் ரக்தபித்தம், அதாவது பித்தம் மிகுந்து ரத்தம் கெட்டு வெளியேறுவது, என்பார்களாம். ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையில் இதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. மூக்கு, வாய் வழியாக மேலே வந்தால் தீர்க்கலாம். மலம், சிறுநீர் வழியாகக் கீழே போனால் கட்டுக்குள் வைக்கலாம். இரண்டு வழியிலும் என்றால் தீராது என்கிறது அந்த நூல். மேலே வருகிற பித்தத்தைக் கீழே திருப்ப வேண்டும் என்பதுதான் வைத்தியமே. அதனால் மேல்வழி ரத்தத்துக்குப் பேதி. சின்னப் பிள்ளை என்பதால் கடும் பேதி மருந்து தரவில்லை. இரவில் ஊறவைத்த உலர்திராட்சையைக் கரைத்துக் காலையில் குடிக்கக் கொடுக்கச் சொன்னார்.

கூடவே ஆடாதோடைக் கஷாயம். கொதிக்கும்போதே வீடெல்லாம் கசப்பு வாடை. நன்றாக ஆறிய பிறகுதான் தேன் சேர்க்க வேண்டும். சூட்டில் தேன் கலப்பது ஆயுர்வேதத்தில் ஆகாது. அளவை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை, ஆளைப் பார்த்துத்தான் தருவார்கள். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே கூடாது.

மருந்தைவிடப் பத்தியம்தான் பெரும்பாடு. புளிக்குழம்பு, மாங்காய் ஊறுகாய், கொள்ளு, கருவாடு எல்லாம் நின்றன. இட்லிக்கு எள்ளுப்பொடி இல்லை என்றதும் அழுதேவிட்டான். பொரிக் கஞ்சி, பாசிப்பயறு, வெண்பூசணிக் கூட்டு என்று ஓட்டினேன். புளிப்பில் நெல்லிக்காய்க்கும் மாதுளைக்கும் மட்டும் அனுமதி. நகத்தை ஒட்ட வெட்டினேன், மத்தியான கிரிக்கெட்டை நிறுத்தினேன்.

ஆடி பிறப்பதற்குள் நின்றுவிட்டது. கஷாயமா, பத்தியமா, வெயில் தணிந்ததா, நோண்டாமல் இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சித்திரையில் ஒரே ஒரு முறை உடைந்தது. நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் அவனே குனிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அத்தை அவன் தாடைக்குக் கீழே கிண்ணத்தைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் நாலு நிமிசம் இருக்கு, விட்டுறாதே" என்றார்.