நள்ளிரவு மணியைத் தேடி சூஜோவில்

சீனாவின் சூஜோ நகரில் ஹன்ஷான் என்ற பௌத்தக் கோயிலின் மஞ்சள் மதிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மழை நனைத்திருந்ததால் அந்த மஞ்சள் இன்னும் அடர்ந்து தெரிந்தது. கோயில் வாசல் மேற்குப் பார்த்தது, நேர் எதிரே கால்வாய். அந்தக் காலத்தில் படகில் வந்தவர்களுக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டிருக்கும்.

வாசலுக்கு எதிரில் ஜியாங்சுன் பாலம். கொஞ்சம் நடந்தால் மேப்பிள் பாலம், ஒரே வளைவு, முழுக்கக் கல். படிகளின் நடுப்பகுதி தேய்ந்து வழவழவென்று இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். அதன் காலடியிலேயே கடற்கொள்ளையரைத் தடுக்க 1557-இல் கட்டிய காவல் வாசல் நிற்கிறது.

தாங் அரச வம்சக் காலக் (7-10ஆம் நூற்றாண்டு) கவிஞர் ஜாங் ஜி இங்கே படகில் தூக்கமில்லாமல் கிடந்தபோது இந்தக் கோயிலின் நள்ளிரவு மணியைக் கேட்டார். அந்தச் சிறு கவிதையால்தான் கோயிலுக்கு இத்தனை பெயர். நள்ளிரவில் யார் மணி அடிப்பார்கள் என்று பின்னாளில் சோங் வம்சக் கால எழுத்தாளர் ஓயாங் சியூ கேட்டாராம். அடிக்கும் வழக்கம் உண்டு என்று பிறகு வந்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். எனக்கு அந்தக் கேள்வியே தேவையில்லாததாகப் பட்டது.

பழைய மணி தொலைந்துபோய்விட்டது. இப்போது கோபுரத்தில் இருப்பது 1906-இல் வார்த்தது. காசு கட்டி நானும் மூன்று முறை அடித்தேன். மணியை அடிக்கும் கட்டையின் அதிர்வு முழங்கை வரை ஏறியது. கீழே இறங்கிப் பாலத்துக்கு வந்தேன், வேறு யாரோ அடித்தார்கள். தண்ணீரைத் தாண்டி வரும்போது அந்த ஒலி ரொம்ப மெதுவாக இருந்தது.